கழட்டி மாட்டுற விங் ஸ்ட்ரட்: மாடல் ஏரோப்ளேன் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹை-விங் ஆர்சி மாடல், அதாவது ரெக்கை உடம்புக்கு மேல இருக்க ரிமோட் கன்ட்ரோல் பிளேன், வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த ஸ்ட்ரட் பிரச்சனை வந்துடும். ரெக்கையோட நடுப்பகுதியில இருந்து சாய்வா இறங்கி ஃபியூசலாஜோட (பிளேனோட உடம்பு) அடிப்பக்கத்துல போய் சேருற கம்பிதான் ஸ்ட்ரட். அதை நிரந்தரமா ஒட்டிட்டா மாடலை எங்கயும் எடுத்துட்டுப் போக முடியாது, கழட்டுற மாதிரி வச்சா சரியா புடிக்குமானு பயம். என்கிட்ட திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

என் மாடல்ல இருக்க ஸ்ட்ரட் நிஜமாவே லோடு தாங்குதா, இல்ல பாக்குறதுக்கு மட்டும்தானா? எப்படி கண்டுபிடிக்கிறது?

மத்த எல்லா கேள்விக்கும் முன்னாடி இதுக்கு பதில் தெரிஞ்சாகணும், ஏன்னா ஸ்க்ரூ சைஸ்ல இருந்து க்ளூ வரைக்கும் எல்லாமே இதை வச்சுத்தான் மாறும். பைப்பர் கப், செஸ்னா 172, பீவர் மாதிரி நிஜ விமானங்கள்ல ஸ்ட்ரட்தான் ரெக்கையையே தாங்குது, கழட்டிட்டா ரெக்கை நிக்காது. மாடல்ல அப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரே துண்டு விங், நடுவுல கெட்டியான ஸ்பார் (ரெக்கை நீளத்துக்கும் முதுகெலும்பு மாதிரி ஓடுற கட்டை), இல்லன்னா ரெண்டு பக்க பேனலுக்குள்ளயும் நல்லா ஆழமா போற அலுமினிய டியூப் இருந்தா அது ஸ்ட்ரட் இல்லாமலே பறக்கும், ஸ்ட்ரட் அழகுக்கு மட்டும்தான்.

தெரியலன்னா ஸ்ட்ரட்டைக் கழட்டிட்டு, ரெக்கையோட நடுவுல கீழ கை வச்சு மெதுவா மேல தூக்கிப் பாருங்க. ரெக்கை ஃபியூசலாஜை ஒட்டுற இடத்துல கீல் மாதிரி அசைஞ்சாலோ, அடிப்பக்கம் சந்து விட்டாலோ ஸ்ட்ரட்தான் லோடு தாங்குதுனு அர்த்தம். மேனுவல்ல ஸ்ட்ரட் இல்லாம பறக்காதீங்கனு ஒரு வரி இருந்தா இந்த டெஸ்ட்டே வேண்டாம், அதை அப்படியே நம்புங்க. ரெண்டும் இல்லாம சந்தேகமாவே இருந்தா லோடு தாங்குற ஸ்ட்ரட்னே வச்சு செய்ங்க. அழகுக்கான ஸ்ட்ரட்டை கொஞ்சம் கெட்டியா செஞ்சா கூடுறது சில கிராம்தான், அதே தப்பை தலைகீழா பண்ணா மாடலே போயிடும்.

பறக்கும்போது ஒரு ஸ்ட்ரட்ல எவ்ளோ இழுவிசை வரும்?

நெறைய பேர் நெனைக்கறதைவிட அதிகம், அதனால கணக்கைப் போட்டே காட்டுறேன். மாடல் எடை 2 கிலோனு வைங்க. நேரா பறக்கும்போது ஒவ்வொரு பக்க ரெக்கையும் 1 கிலோ தூக்குது. அந்தத் தூக்குவிசை ரெக்கை நீளத்துல உத்தேசமா 45 சதவீத தூரத்துல செயல்படுது, ஸ்ட்ரட் மாட்டியிருக்கது பாதி தூரத்துல. ரெக்கை வேர்ல, அதாவது உடம்போட சேருற இடத்துல, கீல் மாதிரி இருக்குனு எடுத்தா ஸ்ட்ரட் கீழ்நோக்கி புடிக்க வேண்டியது 0.9 கிலோ. ஆனா ஸ்ட்ரட் செங்குத்தா இல்லையே, ரெக்கைக்கும் அதுக்கும் 30 டிகிரிதான் இருக்குனா அந்த 0.9ஐ சைன் 30ஆல, அதாவது 0.5ஆல வகுக்கணும், 1.8 கிலோ வந்துடுது. இது சும்மா நேரா பறக்கறதுக்கு. டைவ்ல இருந்து இழுத்து 6ஜி, அதாவது எடையைப் போல ஆறு மடங்கு விசை, வந்துச்சுனா ஒரு ஸ்ட்ரட்ல கிட்டத்தட்ட 11 கிலோ.

கோணம் சின்னதாக ஆக இழுவிசை ஏறிக்கிட்டே போகும். 25 டிகிரி ஆனா அதே 1.8 கிலோ 2.1 ஆயிடும். அப்புறம் இன்னொண்ணு, ஸ்ட்ரட் இழுக்குற அந்த விசையோட பக்கவாட்டு பங்கு ரெக்கையை ஃபியூசலாஜ் பக்கமா அழுத்தும், 6ஜியில சுமார் 9 கிலோ அழுத்தம். ஸ்ட்ரட் மாட்டின உடனே ரெக்கை வேர்ல இருக்க ரிப் (ரெக்கைக்கு வடிவம் குடுக்குற குறுக்குப் பலகை) மேல ஒரு புது வேலை வந்துடுதுனு ஞாபகம் வச்சுக்கங்க, அங்க வெறும் பால்சா (ரொம்ப லேசான மரம்) ரிப் இருந்தா நசுங்கும்.

அப்போ ஸ்ட்ரட்டை எதுல செய்யலாம்?

இழுவிசைக்கு மட்டும்னா கிட்டத்தட்ட எது வேணா போதும், 6 மி.மீ. மரக்குச்சி கூட 11 கிலோவை அலட்சியமா தாங்கும். பிரச்சனை தலைகீழா பறக்கும்போதும், தரையில தடால்னு இறங்கும்போதும்தான். அப்போ ஸ்ட்ரட் இழுபடாது, அமுக்கப்படும். நீளமான ஒல்லி கம்பியை ரெண்டு பக்கமும் அமுக்கினா நடுவுல வளைஞ்சு பக்கவாட்டுல ஓடும் இல்லையா, அதான் நடக்கும். 500 மி.மீ. நீளத்துல 6 மி.மீ. உருண்டை ஸ்ப்ரூஸ் குச்சி சுமார் 2.5 கிலோ அமுக்குனாலே வளைய ஆரம்பிச்சுடும். அதே நீளத்துல 6 மி.மீ. வெளி விட்டம், 4 மி.மீ. உள் விட்டம் உள்ள கார்பன் டியூப் 20 கிலோ வரைக்கும் நிக்கும்.

நான் இப்பல்லாம் உள்ள கார்பன் டியூப், அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் பால்சா ஒட்டி மீன் வடிவத்துல தேச்சு, மேல ஃபிலிம் (சூடு வச்சு ஒட்டுற பிளாஸ்டிக் உறை) ஒட்டிடுறேன். பாக்கவும் நிஜ ஸ்ட்ரட் மாதிரி இருக்கு, காத்து எதிர்ப்பும் ரொம்பக் கம்மி. உருண்டை கம்பியோட காத்து எதிர்ப்பு, அதே தடிமன்ல நல்லா வடிவமா தேச்ச ஸ்ட்ரட்டைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. நீள்வட்ட அலுமினிய டியூப் கிடைச்சா அதுவும் நல்லது, ஆனா ஒருதடவை மடங்கிட்டா நிமித்தி திரும்ப போடாதீங்க.

டியூப்போட முனையில உலோகக் கவட்டை சொருகி ஒட்டும்போது வெறும் எபாக்ஸியை நம்பாதீங்க. உலோகத்தை சாண்ட் பேப்பர்ல நல்லா கீறி, ஆல்கஹால்ல துடைச்சு, ஒட்டி காஞ்சதும் குறுக்கால ஒரு சின்ன ஓட்டை போட்டு ஒரு கம்பித்துண்டை ஊசியா சொருகிடுங்க. டியூப் முனை பிளக்காம இருக்க மேல நூல் சுத்தி சிஏ க்ளூ (சூப்பர் க்ளூ) ஊத்துங்க.

ரெக்கை பக்கம் ஸ்ட்ரட்டை எதுல மாட்டணும்? நேரா பால்சால ஸ்க்ரூ போட்டா போதாதா?

போதாது. இதை நான் ஒரு மாடலை இழந்துதான் கத்துக்கிட்டேன். 1.8 மீட்டர் கப், ரெக்கையில ரிப்புக்கு ஒட்டின சின்ன பால்சா கட்டையில மரஸ்க்ரூ போட்டு ஸ்ட்ரட் மாட்டியிருந்தேன், பத்து பன்னெண்டு தடவை கழட்டி மாட்டினதுல ஓட்டை லூசாகி இருந்திருக்கு, கையால இழுத்துப் பாத்தப்ப கெட்டியாத்தான் தெரிஞ்சுது. ஒரு லூப் முடிச்சு கீழ இருந்து இழுக்கும்போது இடது பக்கம் ஸ்க்ரூ மரத்தோட பேத்துக்கிட்டு வந்துடுச்சு, ரெக்கை மேல மடங்கிடுச்சு. கீழ வந்து பாத்தா ஸ்ட்ரட்டும் ஸ்க்ரூவும் ஒரு கீறல் இல்லாம இருக்கு, பால்சா கட்டை மட்டும் பொடி. அதுல இருந்து எந்த மாடலா இருந்தாலும் நான் மொதல்ல பாக்குறது ஸ்ட்ரட்டை இல்ல, அது மாட்டியிருக்க இடத்தைத்தான்.

சரியான வழி இதுதான். ரெண்டு ரிப்புக்கு நடுவுல 3 மி.மீ. ப்ளைவுட் பலகை ஒண்ணு, அது ரெண்டு ரிப்பையும் தொடணும், முக்கியமா ஸ்பாரை ஒட்டி நிக்கணும், ஸ்பாரோட சேர்த்து எபாக்ஸி போட்டு ஒட்டணும். ரிப் மட்டும் புடிச்சா பத்தாது, லோடை ஸ்பாருக்கு கொண்டு போறதுதான் அந்தப் பலகையோட வேலையே. பலகையில எம்3 (3 மி.மீ. மரை) டி-நட்டை, அதாவது மரத்துல பதியற முள்ளு வச்ச நட்டை, உள்பக்கமா, அதாவது ரெக்கைக்கு மேல்பக்கத்துல இருந்து சொருகுங்க. அப்போ ஸ்ட்ரட் கீழ இழுக்க இழுக்க நட் பலகையில இன்னும் இறுகும். வெளிப்பக்கம் இருந்து வச்சா க்ளூ மட்டும்தான் அதைப் புடிச்சிருக்கும், என்னைக்காவது ஒருநாள் வந்துடும்.

மேல மாட்டுற பட்டையை, அலுமினியமோ பித்தளையோ, ஸ்ட்ரட் போற கோணத்துக்கே மடக்கிடுங்க. பட்டை நேரா தொங்கி ஸ்ட்ரட் சாய்வா போச்சுனா ஒவ்வொரு தடவை லோடு வரும்போதும் பட்டை அந்த மடிப்புல ஆடும், அலுமினியத்தை முன்னும் பின்னும் ஆட்டினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். மடிக்கும்போதும் கூர்மையா மடிக்காம ஒரு ஆணி மேல வச்சு வளைவா மடிங்க.

ஏற்கனவே ஃபிலிம் ஒட்டின விங். இப்போ போய் பலகை எப்படி வைக்கிறது?

வைக்கலாம், பயப்பட வேண்டாம். இருட்டு ரூம்ல ரெக்கைக்கு மேல டார்ச் அடிச்சா கீழ இருந்து பாக்கும்போது ரிப்பும் ஸ்பாரும் நிழலா தெரியும், பேனால குறிச்சுக்கங்க. அடர்த்தி நிறமா இருந்தா விரலால அழுத்தித் தடவிப் பாத்தாலே கெட்டியா இருக்க இடம் தெரியும். அடிப்பக்கம் ரெண்டு ரிப்புக்கு நடுவுல மட்டும் ஃபிலிமை ஜன்னல் மாதிரி வெட்டுங்க, பலகையில டி-நட்டை முன்னாடியே மாட்டி, மரையில க்ளூ போகாம கொஞ்சம் வாஸ்லின் தடவி, உள்ள வச்சு எபாக்ஸி. காஞ்சதும் மேல ஒரு துண்டு ஃபிலிம் அயர்ன் பண்ணிடலாம். கத்தி ஸ்பார்ல படாம பாத்துக்கங்க, ஸ்பார்ல ஒரு சின்ன வெட்டுகூட பின்னாடி அங்கயே உடையறதுக்கு வழி பண்ணிடும்.

ஃபியூசலாஜ் பக்கம் என்ன பண்ணணும்?

இடது ஸ்ட்ரட் இடது பக்கமா இழுக்குது, வலது ஸ்ட்ரட் வலது பக்கமா இழுக்குது. ரெண்டையும் தனித்தனியா பக்கவாட்டு பலகையில ஸ்க்ரூ போட்டா ஃபியூசலாஜோட ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டு போகப் பாக்கும். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிட்டா இழுவிசை ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிக்கும், ஃபியூசலாஜுக்கு வேலையே குறைஞ்சுடும். நான் பண்றது 1.5 மி.மீ. அலுமினிய பட்டை ஒண்ணை ஃபியூசலாஜ் அடியில குறுக்கால போட்டு, ரெண்டு முனையையும் ஸ்ட்ரட் கோணத்துக்கு மேல மடக்கி, நடுவுல லேண்டிங் கியர் பிளாக்குல ரெண்டு ஸ்க்ரூ. நிறைய மாடல்ல லேண்டிங் கியரும் ஸ்ட்ரட்டும் பக்கத்து பக்கத்துலதான் வரும், அதனால அந்த கட்டையே ரெண்டுக்கும் ஆகும். ஆனா ஒரே ஸ்க்ரூவை ரெண்டுக்கும் போடாதீங்க, தப்பா இறங்கி கியர் பிச்சுக்கிட்டா ஸ்ட்ரட்டும் சேந்து போயிடும்.

மாட்டுறதுக்கு ஸ்க்ரூவா, கிளிப்பா, கிளெவிஸா, எது பெஸ்ட்?

ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. என் சாய்ஸ் சொல்றேன்.

லோடு தாங்குற ஸ்ட்ரட்னா ரெக்கை பக்கம் எம்3 ஸ்க்ரூவும் நைலான் லாக்நட்டும் போட்டு நிரந்தரமா விட்டுடுவேன், ஃபியூசலாஜ் பக்கம் மட்டும் கழட்டுவேன். அங்க எஃகு ஊசி ஒண்ணு, அதோட முனையில ஆர் கிளிப் (R எழுத்து மாதிரி வளைச்ச கம்பி). கிளிப் போட அஞ்சு செகண்ட், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், புல்தரையில நட்டு தொலையாது, போட்டிருக்கா இல்லையானு தூரத்துல இருந்தே கண்ணுக்குத் தெரியும். கிளிப்பை ஒரு சின்ன மீன்பிடி நரம்புல ஸ்ட்ரட்டோடயே கட்டிடுங்க. ஊசியை முன்பக்கம் இருந்து பின்பக்கமா சொருகுங்க, அப்போ காத்து ஊசியோட தலையை உள்ளதான் தள்ளும்.

கவட்டையும் பட்டையும் சேருற இடத்துல, பட்டைக்கு ரெண்டு பக்கமும் கவட்டை வர்ற மாதிரி செய்ங்க. ஒரு பக்கம் மட்டும் ஒட்டி ஸ்க்ரூ போட்டா ஸ்க்ரூ வளையும், ரெண்டு பக்கமும் இருந்தா வெட்டுவிசை மட்டும்தான், எம்3 எஃகு ஸ்க்ரூவுக்கு நம்ம லோடெல்லாம் ஒண்ணுமே இல்ல. மரத்துல போட்ட ஓட்டை வழியா ஊசி போறதா இருந்தா பித்தளை டியூப் துண்டு ஒண்ணை புஷ்ஷா ஒட்டிடுங்க, இல்லன்னா ஓட்டை கொஞ்ச நாள்ல முட்டை வடிவம் ஆயிடும்.

கிளெவிஸ், அதாவது கம்பி முனையில திருகி மாட்டுற கவட்டை மாதிரி கொக்கி, சின்ன மாடலுக்கு, 1.2 மீட்டர் வரைக்கும், ரொம்ப வசதி, ஏன்னா நீளத்தை திருகியே மாத்திக்கலாம். உலோகக் கிளெவிஸ் வாங்குங்க, மேல ஒரு துண்டு சிலிக்கான் டியூப் மாட்டி வாய் திறக்காம பூட்டுங்க. கம்பியோட மரை எவ்ளோ உள்ள போயிருக்குனு பாருங்க, கம்பி விட்டத்துல குறைஞ்சது ஒன்றரை மடங்காவது இருக்கணும். பால் லிங்க் (குண்டு மேல சுழலுற இணைப்பு) சாய்வு கோணத்துக்கு தானா திரும்பிக்கும், அது நல்லதுதான், ஆனா அழுத்தி மாட்டுற பிளாஸ்டிக் வகை இழுத்தா கழண்டுடும்ங்கறதால லோடு ஸ்ட்ரட்டுக்கு நான் போட மாட்டேன்.

மேக்னெட் வச்சு மாட்டலாமா?

அழகுக்கான ஸ்ட்ரட்டுக்கு தாராளமா. கழட்டுறதும் மாட்டுறதும் ஒரு நொடி, தரையில இடிச்சா தானா விட்டுக்கும், எதுவும் கிழியாது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, மேக்னெட்டை நேரா இழுக்க ஒரு கிலோ தேவைப்பட்டாலும் பக்கவாட்டுல நகர்த்துறதுக்கு அதுல சின்ன பங்கு போதும், வழுக்கிடும். அதனால கூடவே 2 மி.மீ. கம்பித்துண்டு ஒண்ணை முளை மாதிரி வச்சு, எதிர்ப்பக்கம் அதுக்கு ஒரு குழி. நகராம பாத்துக்குறது முளையோட வேலை, விடாம புடிக்கிறது மட்டும் மேக்னெட்டோட வேலை. ஒட்டுறதுக்கு முன்னாடி துருவம் சரியா இருக்கானு பேனால குறிச்சுக்கங்க. சாதாரண நியோடிமியம் மேக்னெட் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினா சக்தியை இழக்கும், அதனால ஒட்டின பிறகு பக்கத்துல ஃபிலிம் அயர்னை வச்சு தேய்க்காதீங்க.

லோடு தாங்குற ஸ்ட்ரட்டுக்கு மேக்னெட் கூடவே கூடாது. எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி.

ஸ்ட்ரட் நீளத்தை எப்படி சரியா வைக்கிறது? மாட்டினதும் பிளேன் ஒரு பக்கம் சாயுது.

இந்த ரெண்டு கேள்வியும் ஒரே கேள்விதான். ஸ்ட்ரட் நீளம் தப்பா இருந்தா அது ரெக்கையை முறுக்கும், முறுக்கின ரெக்கை பிளேனை உருட்டும்.

ஸ்ட்ரட் ரெக்கையை அதோட சொந்த இடத்துல சும்மா புடிச்சு நிக்கணும், இழுத்தும் வைக்கக் கூடாது தள்ளியும் வைக்கக் கூடாது. ரெக்கையை ஸ்ட்ரட் இல்லாம மாட்டி, ரெண்டு முனைக்கும் கீழ மடிச்ச துணியோ ஸ்பான்ஜோ வச்சு, சரியான டைஹெட்ரல் (ரெக்கை முனை மேல தூக்கியிருக்க கோணம்) வந்ததும், அப்புறம் ஸ்ட்ரட் நீளத்தை அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஊசி ரெண்டு விரல்ல தள்ளுனாலே உள்ள போகணும். கட்டைவிரலால அமுக்கி, ரெக்கையை கொஞ்சம் தூக்கி, அப்படி இப்படி ஆட்டினாத்தான் போகுதுனா நீளம் தப்பு.

கப் மாதிரி வி வடிவ ஸ்ட்ரட்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்கும், பின் ஸ்ட்ரட்தான் ரெக்கையோட முறுக்கை தீர்மானிக்குது. இங்க நீளம் துளி மாறினாலும் பெருசா தெரியும். எம்3 மரை ஒரு சுத்துக்கு 0.5 மி.மீ. நகரும். ஸ்ட்ரட் 30 டிகிரி சாய்வுல இருந்தா அந்த 0.5 மி.மீ. ரெக்கையில 1 மி.மீ. உயரமா மாறும், ஏன்னா இங்கயும் சைன் 30ஆல வகுக்கணும். முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் இடைவெளி 120 மி.மீ.னா அந்த 1 மி.மீ. கிட்டத்தட்ட அரை டிகிரி முறுக்கு. ஒரே ஒரு சுத்துக்கு! ஒரு பக்கம் ரெண்டு சுத்து கூட போச்சுனா ஒரு டிகிரி, அதை எய்லிரான் (பிளேனை உருட்டுற, ரெக்கைப் பின்விளிம்பு மடல்) ட்ரிம் வச்சு எவ்ளோ சமாளிச்சாலும் ஸ்பீடு குறையும்போது ஒரு ரெக்கை முன்னாடியே ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, கவுத்துடும்.

அதனால இன்சிடென்ஸ் மீட்டர் (ரெக்கை கோணத்தை அளக்குற கருவி) வச்சு ரெண்டு பக்கமும் ஸ்ட்ரட் மாட்டியிருக்க இடத்துக்கு நேர் மேல அளந்து பாருங்க. ரெண்டும் சமமா இருக்கணும். வாஷ்அவுட் வேணும்னா, அதாவது முனைப்பக்கம் கோணம் குறைவா இருக்கணும்னா, பின் ஸ்ட்ரட்டை ரெண்டு பக்கமும் சம அளவு நீளமாக்குங்க, பின்விளிம்பு மேல ஏறும். சரியா வந்ததும் லாக்நட்டை இறுக்கி, ஸ்ட்ரட்ல இடது, வலது, முன், பின்னு எழுதிடுங்க. ஒரு பக்கத்து ஸ்ட்ரட்டை மறுபக்கம் மாட்டிட்டு பிளேன் ஏன் திரும்புதுனு மண்டைய உடைச்சுக்கிட்டவங்க நெறைய பேரைப் பாத்திருக்கேன்.

ஜூரி ஸ்ட்ரட்னு நடுவுல குட்டி குட்டியா கம்பி இருக்கே, அது தேவையா?

மேல சொன்ன அந்த அமுக்கம் பிரச்சனைக்குத்தான் அது. வளைஞ்சு போற லோடு நீளத்தோட வர்க்கத்துக்கு தலைகீழா மாறும், அதாவது நடுவுல ஒரு இடத்துல புடிச்சு நீளத்தை பாதியாக்கினா நாலு மடங்கு தாங்கும். 2.5 கிலோல வளையற அந்த மரக்குச்சி 10 கிலோ வரைக்கும் நிக்கும். கால் ஸ்கேல் கப், 2.7 மீட்டர் விங், அந்த சைஸ்லயெல்லாம் ஸ்ட்ரட் நீளமா இருக்கும், ஜூரி இல்லாம பறந்தா ஸ்ட்ரட் காத்துல அதிர்றதையும் பாக்கலாம். 2 மி.மீ. கம்பியில செஞ்சு சின்ன ஸ்க்ரூல மாட்டினா போதும். லேசா தலைகீழா பறக்குற எண்ணம் இருந்தாலும் போட்டுடுங்க.

ஃபோம் மாடலுக்கு எப்படி?

ஃபோம்ல ஸ்க்ரூ நிக்காது, அதனால லோடைப் பரப்பணும். 50 மி.மீ.க்கு 50 மி.மீ. அளவுல 1 மி.மீ. ப்ளைவுட் ஒண்ணு ரெக்கைக்கு மேல, ஒண்ணு கீழ, நடுவுல ஸ்க்ரூ ரெண்டையும் சாண்ட்விச் மாதிரி புடிக்கும், முடிஞ்சா உள்ள இருக்க கார்பன் ஸ்பாருக்கு பக்கத்துல. வெள்ளை தெர்மோகோல் வகையில சாதாரண சிஏ பட்டா கரைஞ்சுடும், ஃபோம் சேஃப் வகையோ எபாக்ஸியோ போடுங்க. ஈபிஓ வகை ஃபோம்ல சாதாரண சிஏ ஓகே.

தரையில மோதினா ஸ்ட்ரட் விட்டுக் கொடுக்கணுமா?

அழகுக்கான ஸ்ட்ரட்னா கண்டிப்பா விட்டுக் கொடுக்கணும். ஒரே துண்டு விங்கை நைலான் போல்ட்ல மாட்டுறதே மோதும்போது போல்ட் அறுந்து ரெக்கை தனியா போகட்டும்னுதான், இல்ல ரப்பர் பேண்ட் போடுறதும் அதுக்குத்தான். அங்க போய் எஃகு ஸ்க்ரூல ஸ்ட்ரட்டை இறுக்கினா போல்ட் அறுந்தாலும் ரெக்கை விடாது, ஃபியூசலாஜ் பக்கம் கிழிஞ்சுக்கிட்டு வரும். அங்க எம்3 நைலான் ஸ்க்ரூ இல்லன்னா மேக்னெட் போடுங்க. லோடு தாங்குற ஸ்ட்ரட்ல இந்தப் பேச்சே இல்ல, அது எஃகுதான்.

கிரவுண்டுல மாட்டுற ஆர்டர் என்ன?

மொதல்ல டியூப், அப்புறம் ரெக்கை பேனல், சர்வோ வயர், ரெக்கையைப் புடிக்கிற போல்ட், கடைசியாத்தான் ஸ்ட்ரட். கழட்டும்போது ஸ்ட்ரட் மொதல்ல. மாறிச்சுனா ரெக்கை முழு எடையும் ஒரு பட்டையில தொங்கி பட்டை வளைஞ்சுடும். மாட்டினதும் ஒவ்வொரு ஊசியையும் கையால தொட்டு கிளிப் எண்ணுங்க, கண்ணால பாத்தா மட்டும் போதாது. பிளேனைத் தூக்கும்போது ஸ்ட்ரட்டைப் புடிச்சு தூக்காதீங்க, உதவிக்கு வர்றவங்க கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க, புதுசா வர்றவங்களுக்கு அது கைப்பிடி மாதிரியே தெரியும்.

ஸ்ட்ரட்டை ரெக்கையோடயே விட்டு மடிச்சு வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஸ்ட்ரட் சாய்வா போறதால அது எப்பவும் வேர் வரைக்குமான தூரத்தைவிட நீளமாத்தான் இருக்கும். 500 மி.மீ. தூரத்துல 30 டிகிரிக்கு ஸ்ட்ரட் 577 மி.மீ. வரும். உள்பக்கமா மடிச்சா வேரைத் தாண்டி 77 மி.மீ. நீட்டிக்கிட்டு எதையாவது குத்தும். ஸ்ட்ரட்டுக்கு வெளியில இருக்க ரெக்கை ஸ்ட்ரட்டைவிட நீளமா இருந்தா, முனைப்பக்கமா மடியற மாதிரி பட்டையை அமைச்சுக்கிட்டா ரெக்கைக்கு அடியிலயே அடங்கிடும், ஒரு ரப்பர் பேண்ட் போட்டு கட்டிடலாம்.

ஸ்ட்ரட் இல்லாம ஒரே ஒரு ஃபிளைட் போயிட்டு வரலாமா, கிளிப் வீட்டுல மறந்துட்டேன்.

அழகு ஸ்ட்ரட்னா போங்க, ட்ரிம் லேசா மாறலாம். லோடு ஸ்ட்ரட்னா வேண்டாம். வளைச்ச கம்பி, டேப், கேபிள் டைனு எதையாவது போட்டு சமாளிக்கவும் வேண்டாம். ரெண்டு கிளிப் எக்ஸ்ட்ராவா ட்ரான்ஸ்மிட்டர் பெட்டியிலயே போட்டு வைங்க.

இன்ஜின் அதிர்வுல ஸ்க்ரூ லூசாகுது, என்ன பண்றது?

உலோகத்துல உலோகம்னா நீல திரெட்லாக் (மரை லூசாகாம புடிக்கிற திரவம்) ஒரு சொட்டு, இல்லன்னா நைலான் லாக்நட். பிளாஸ்டிக் பக்கத்துல திரெட்லாக் போகாம பாத்துக்கங்க, ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்கை அது விரிசல் விட வைக்கும். அடிக்கடி கழட்டுற இடத்துல ரெண்டுமே சரி வராது, அங்க ஊசியும் கிளிப்பும்தான்.

மொத தடவை பறக்கறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றது?

ரெண்டு ஸ்டூல் எடுத்து மேல கெட்டியான ஸ்பான்ஜ் வைங்க. பிளேனை நேரா, ஸ்ட்ரட் மாட்டியிருக்க இடத்துல ரெக்கை ஸ்டூல் மேல உக்கார்ற மாதிரி, ஃபியூசலாஜ் அந்தரத்துல தொங்குற மாதிரி வைங்க. இப்போ பறக்கும்போது இருக்க அதே நிலைமைதான், ரெக்கை தூக்குது, உடம்பு தொங்குது. 2 கிலோ மாடல்னா சிஜி (எடையோட மையம்) இடத்துல மணல் மூட்டையா மெதுமெதுவா 4 கிலோ ஏத்துங்க, மொத்தம் 6 கிலோ, ஏறக்குறைய 3ஜி. சத்தம் ஏதாவது வருதானு காது கொடுங்க, சந்து விடுதானு பாருங்க, எடுத்தப்புறம் எல்லாம் பழைய இடத்துக்கு வருதானு அளந்து பாருங்க. லூப் அடிக்கிற மாடல்னா இன்னும் ஏத்தணும், 8 கிலோ ஏத்தினா 5ஜி. கீழ தலகாணி போட்டுக்கங்க, உடைஞ்சா அங்கயே உடையட்டும், மேல போய் உடையறதுக்கு அது எவ்வளவோ பரவால்ல.

ரெக்கை முனை ரெண்டையும் புடிச்சு தூக்குற பழைய டெஸ்ட்டை ஸ்ட்ரட் மாடலுக்கு பண்ணாதீங்க. ஸ்ட்ரட்டுக்கு வெளியில இருக்க பாதி ரெக்கை தனியா நீட்டிக்கிட்டு நிக்குது, முனையில புடிச்சா பறக்கும்போது வராத வளைவெல்லாம் அங்க வரும்.

எவ்ளோ நாளுக்கு ஒருதடவை செக் பண்ணணும்?

ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒரு பார்வை, சீசனுக்கு ஒருதடவை முழுசா கழட்டி. நிஜ பைப்பர் விமானங்கள்ல ஸ்ட்ரட்டுக்குள்ள துரு புடிக்குது, முனையில இருக்க கவட்டையோட மரையில விரிசல் விடுதுனு அமெரிக்காவோட விமானப் போக்குவரத்து அமைப்பு எஃப்.ஏ.ஏ. 1993ல கட்டாய சோதனைக்கே உத்தரவு போட்டுச்சு. நம்ம மாடல்லயும் பாக்க வேண்டியது அதே ரெண்டு இடம்தான். மரை முடியற இடத்துல கம்பியை லேசா வளைச்சு பூதக்கண்ணாடியில பாருங்க, அலுமினிய பட்டையோட மடிப்புல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சா பட்டையை மாத்திடுங்க. ப்ளைவுட் பலகையைச் சுத்தி ஃபிலிம் புதுசா சுருங்கியிருந்தா உள்ள க்ளூ விட்டிருக்குனு அர்த்தம், ஜன்னலைத் திறந்து பாக்காம பறக்க விடாதீங்க.